ஒரு மதிப்பெண் எதைச் சொல்ல முடியும்? பணியிட ஆங்கிலத் தேர்வுகளின் ஏற்புடைமையும் நியாயமும்

வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் வேலைக்கு ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணியிட ஆங்கிலத்தை அளக்கும் டோயிக் என்ற தேர்வில் 990-க்கு 760 பெற்ற சான்றிதழ் அவரிடம் இருக்கிறது. நிறுவனம் கேட்டது 750. ஆகவே அவருக்கு வேலை கிடைக்கிறது. 740 பெற்ற இன்னொருவரை நேர்காணலுக்கே அழைக்கவில்லை. இருவருக்கும் ஒரே வகைத் தேர்வு, ஒரே கால அளவு, ஒரே கட்-ஆஃப் என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் இதில் குறை எதுவும் தெரியாது. ஆனால், டோயிக் என்றதும் பெரும்பாலோர் நினைக்கும் கேட்டல், வாசித்தல் தேர்வு, இரண்டு மணி நேரத்தில் 200 கொள்குறி வினாக்களுக்கு விடையளிக்கும் தேர்வு. அது முடியும்வரை தேர்வர் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. ஒரு வாக்கியம்கூட எழுதுவதில்லை. நாள் முழுவதும் பேச வேண்டிய வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தவர்கள், பேச்சை அளக்காத ஒரு தேர்வின் மதிப்பெண்ணை நம்பி ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மற்றொருவரை விலக்கியிருக்கிறார்கள்.

இதனால் அந்தத் தேர்வு மோசமானது என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் ஈ.டி.எஸ் அமைப்பு உருவாக்கி 1979-இல் ஜப்பானில் முதன்முதலாக நடத்திய அந்தத் தேர்வு, கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனையும் அளப்பதற்காகவே அமைந்தது. பேசுவதற்கும் எழுதுவதற்கும் தனித் தேர்வுகளை அதே அமைப்பு 2006-இல் கொண்டுவந்தது. நாம் எடுத்துக்கொண்ட நிறுவனம் அவற்றைக் கேட்கவில்லை. தவறு, மதிப்பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட பொருளில் இருக்கிறது. ஏற்புடைமை என்ற கருத்தைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

கல்வியியல் பாடநூல்கள், அளக்க வேண்டியதை ஒரு தேர்வு அளக்கிறதா என்பதே ஏற்புடைமை என்று ஒரு வரியில் சொல்லிவிடும். அது பிழையில்லை, ஆனால் அந்த வரியோடு நின்றுவிட்டால், ஏற்புடைமை என்பது தேர்வின் மீது ஒருமுறை குத்தப்படும் முத்திரை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சாமுவேல் மெசிக் என்ற உளவியல் அளவீட்டு அறிஞர் 1989-இல் வெளியான தம் நீண்ட கட்டுரையில் இந்த எண்ணத்தை மாற்றினார். ஏற்புடைமை என்பது மதிப்பெண்ணுக்கு நாம் தரும் விளக்கத்தையும் அதைக் கொண்டு எடுக்கும் முடிவையும் பற்றியது என்றும், அந்த விளக்கமும் முடிவும் எந்த அளவுக்குச் சான்றுகளால் தாங்கப்படுகின்றன என்பதே கேள்வி என்றும் அவர் வாதிட்டார். காய்ச்சலைத் துல்லியமாகக் காட்டும் வெப்பமானியை வைத்துக்கொண்டு ஒருவருடைய இரத்த அழுத்தம் சீராக இருக்கிறது என்று யாரேனும் சொன்னால், நாம் வெப்பமானியைக் குறை சொல்ல மாட்டோம். சொன்னவரைத்தான் கேள்வி கேட்போம். மொழித் தேர்வு என்று வந்துவிட்டால் ஏனோ அந்தக் கேள்வியைக் கேட்க நாம் தயங்குகிறோம்.

மைக்கேல் கேன் என்ற அளவீட்டு அறிஞர் இதை இன்னும் நடைமுறைக்கு ஏற்றதாக ஆக்கினார். ஒரு மதிப்பெண்ணிலிருந்து ஒரு முடிவுக்குப் போவதை அவர் வாதமாகப் பார்க்கச் சொல்கிறார். இந்தத் தேர்வர் இன்று கொடுத்த விடைகளுக்கு இந்த மதிப்பெண் சரியானது. வேறொரு நாளில் வேறொரு கேள்வித்தாள் கொடுத்திருந்தாலும் ஏறத்தாழ இதே மதிப்பெண்தான் வந்திருக்கும். தேர்வறைக்கு வெளியே அவருடைய மொழித்திறன் எப்படி இருக்கும் என்பதை இது காட்டுகிறது. அந்தத் திறன் இந்த வேலைக்குத் தேவையானது. ஆகவே இவரைச் சேர்க்கலாம் அல்லது விலக்கலாம். சங்கிலியின் கண்ணிகளைப் போன்ற இந்தப் படிகளில் ஒன்று அறுந்தாலும் முடிவு நிற்காது. தொடக்கத்தில் சொன்ன நிறுவனத்தில் அறுந்தது நான்காவது கண்ணி. அந்த வேலைக்கு முதலில் வேண்டிய திறன் பேச்சு; மதிப்பெண் காட்டியதோ கேட்டலும் வாசித்தலும்.

இரண்டாவது கண்ணிக்கு நம்பகத்தன்மை என்று பெயர். ஒரே அளவு திறன் உள்ளவருக்கு மீண்டும் மீண்டும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் கிடைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். நம்பகத்தன்மை இல்லாமல் ஏற்புடைமை இருக்க முடியாது. நம்பகத்தன்மை இருப்பதாலேயே ஏற்புடைமை வந்துவிடாது.

ஒரு தேர்வு எப்படித் தவறிப்போகும் என்பதற்கு மெசிக் இரண்டு வழிகளைச் சொன்னார். அளக்க வேண்டியவற்றில் முக்கியமான ஒன்றை விட்டுவிடுவது ஒரு வழி. அளக்கத் தேவையில்லாத ஒன்று மதிப்பெண்ணுக்குள் நுழைந்துவிடுவது மற்றொன்று. இவ்விரண்டும் எப்படி இருக்கும் என்பதை அறிய ஒரு மருத்துவமனை வார்டுக்குப் போவோம்.

இரவுப் பணி முடிந்து போகும் செவிலியர், காலைப் பணிக்கு வந்தவரிடம் நோயாளிகளை ஒப்படைக்கிறார். ஒருவரைப் பற்றிச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைப்பதில்லை. நான்காம் படுக்கையில் இருப்பவருக்கு நள்ளிரவுக்குப் பிறகு காய்ச்சல் ஏறியது, இந்த மருந்து இத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, அடுத்த வேளை மருந்து இன்னும் கொடுக்கப்படவில்லை, சிறுநீரின் அளவு குறைந்திருக்கிறது, மருத்துவரிடம் சொல்லியாகிவிட்டது. கேட்பவர் ஓரிடத்தில் குறுக்கிட்டு, எத்தனை மில்லிகிராம் என்று கேட்கிறார். ‘ஃபிஃப்டீன்’ என்று பதில் வருகிறது. கேட்டவர் அதோடு விடாமல், ‘ஒன் ஃபைவ்?’ என்று எண்களைத் தனித்தனியாகச் சொல்லி உறுதிசெய்துகொள்கிறார். ஃபிஃப்டீனையும் ஃபிஃப்டியையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். இந்த இரண்டு நிமிடப் பேச்சில் எழுவாயும் பயனிலையும் ஒன்றோடொன்று பொருந்தாத வாக்கியங்கள் இரண்டு வந்திருக்கலாம். அவற்றால் யாருக்கும் தீங்கில்லை. எதை முதலில் சொல்வது என்று வரிசைப்படுத்தியதும், தேவையற்றதை விட்டதும், ஐயம் வந்த இடத்தில் கூச்சமில்லாமல் திரும்பக் கேட்டதும்தான் இந்த வேலையின் மொழித்திறன்.

இப்போது அதே செவிலியரை ஒரு பொது ஆங்கிலத் தேர்வில் உட்கார வைப்போம். ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வின் எழுத்துப் பகுதியில், கருத்து மாறுபாடுள்ள ஒரு பொதுப் பொருளைப் பற்றி ஏறத்தாழ 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொற்களில் அவர் கட்டுரை எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கப்போகிறவருக்கு அது பொருத்தமான சோதனைதான். செவிலியரைப் பொறுத்தவரை, அவருடைய வேலைக்கு வேண்டிய ஒப்படைப்புப் பேச்சு அதில் இல்லை. அவருடைய வேலைக்குத் தேவைப்படாத கட்டுரை வாதத்திறன் மதிப்பெண்ணுக்குள் இருக்கிறது. மெசிக் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே இடத்தில் கூடிவிடுகின்றன.

இதற்கு மாற்றாக ஆஸ்திரேலியாவில் 1980-களின் இறுதியில் உருவானது, சுகாதாரப் பணியாளர்களுக்கான ஓ.ஈ.டி என்னும் தொழில்சார் ஆங்கிலத் தேர்வு. அதன் உருவாக்கத்தில் டிம் மெக்நமாரா என்ற மொழியியலாளருக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் எழுத்துப் பகுதியில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, வேறொரு மருத்துவருக்கோ பராமரிப்பாளருக்கோ கடிதம் எழுதச் சொல்கிறார்கள்; படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். கடிதத்தைப் பெறுபவருக்குத் தேவைப்படாத தகவல்களும் அந்தக் குறிப்புகளில் வேண்டுமென்றே கலந்திருக்கும். எதை விட வேண்டும் என்று தெரிந்திருப்பதும் மதிப்பிடப்படுகிறது. இதிலும் பிறகு ஒரு கேள்வி எழுந்தது. தேர்வின் காட்சி மருத்துவமனையாக இருந்தாலும், மதிப்பெண் போடுபவர்கள் மொழி ஆசிரியர்களின் கண்ணோடு உச்சரிப்பையும் இலக்கணத்தையும் மட்டும் பார்த்தால் போதுமா? அனுபவமுள்ள மருத்துவப் பணியாளர்கள் ஓர் உரையாடலை நன்றாக நடந்தது என்று சொல்லும்போது எவற்றைக் கவனிக்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது, நோயாளியின் கவலைக்குக் காது கொடுப்பது, பேச்சை ஒழுங்காக நடத்திச் செல்வது, புரிந்ததா என்று சரிபார்ப்பது போன்றவை முன்னுக்கு வந்தன. 2018-இல் அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் இவற்றுக்கான அளவுகோல்கள் சேர்க்கப்பட்டன. வேலை செய்பவர்களிடமே போய், உங்கள் துறையில் நன்றாகப் பேசுவது என்றால் என்ன என்று கேட்பதைத்தான், பணியிடத் தேர்வு அமைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலையாக நான் கருதுகிறேன்.

விமானப் போக்குவரத்தில் இந்தப் பாடம் உயிர்களைக் கொடுத்துக் கற்கப்பட்டது. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கசாக் விமானமும் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். கசாக் விமானம் தனக்கு ஒதுக்கப்பட்ட 15,000 அடி உயரத்தை விட்டுக் கீழே இறங்கியிருந்தது; கட்டுப்பாட்டு அறையின் ஆங்கிலச் செய்திகளை விமானிகள் சரியாகப் புரிந்துகொள்ளாமையும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. இத்தகைய விபத்துகளின் தொடர்ச்சியாக, பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003-இல் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித்தகுதி விதிகளை ஏற்று, 2008 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், கேட்டும் பதிலளித்தும் உரையாடும் திறன் என்ற ஆறும் 1 முதல் 6 வரை தரப்படுத்தப்படும். பணிக்குக் குறைந்தது நான்காம் நிலை வேண்டும்.

இந்த ஆறின் சராசரி எடுக்கப்படுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்தில் 5-ஆம் நிலையும் புரிதலில் மட்டும் 3-ஆம் நிலையும் பெற்றவரின் முடிவு 3 தான். சராசரி எடுத்தால் அவர் எளிதாகத் தேறிவிடுவார். ஆனால் சொல்வளத்தின் மிகுதி, காதில் விழுந்த கட்டளையைத் தவறாகப் புரிந்துகொண்டதை ஈடுகட்டாது. மதிப்பெண்களை எப்படிக் கூட்டுகிறோம் என்பதுகூட அந்த வேலையின் இயல்பிலிருந்தே பிறக்க வேண்டும். அதைப் போலவே, நான்காம் நிலைக்கான வரையறை, தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம் என்பதை வெளிப்படையாக ஏற்கிறது. அது புரிதலுக்குச் சில வேளைகளில் மட்டுமே இடையூறாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

விதி நல்லதாக இருந்தால் அதன் கீழ் நடத்தப்படும் தேர்வுகளும் நல்லவையாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது. தேர்வுகளை அமைத்து நடத்துவது அந்தப் பன்னாட்டு அமைப்பு அன்று; நாடுகளும் தனி அமைப்புகளும் தத்தம் தேர்வுகளை நடத்துகின்றன. சார்ல்ஸ் ஆல்டர்சன் என்ற தேர்வியல் அறிஞர் அந்தத் தேர்வுகளை நடத்துவோரிடம் தரத்துக்கான சான்றுகளைக் கேட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பல தேர்வுகளின் நம்பகத்தன்மை மீதும் ஏற்புடைமை மீதும் அதிக நம்பிக்கை வைக்க இயலாது என்று எழுதினார்.

இனி நியாயத்துக்கு வருவோம். நியாயம் என்றவுடன் எல்லோரையும் ஒரேமாதிரி நடத்துவது என்று பலர் எண்ணுகிறார்கள். வேறு சிலர், எல்லாக் குழுக்களும் ஒரே அளவு தேர்ச்சி பெறுவது என்று எண்ணுகிறார்கள். அளவீட்டுத் துறை இரண்டையும் முழுமையாக ஏற்பதில்லை. அமெரிக்காவின் மூன்று பெரிய கல்வி, உளவியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட தேர்வுத் தரநெறிகளின் 2014 பதிப்பு, ஏற்புடைமைக்கும் நம்பகத்தன்மைக்கும் நிகரான அடித்தளமாக நியாயத்தை வைக்கிறது. அதன் சாரம் இதுதான்: ஒரே மதிப்பெண், அதைப் பெற்றவர் யாராக இருந்தாலும், ஒரே பொருளைத் தர வேண்டும். அப்படிப் பார்த்தால், நியாயம் என்பது ஏற்புடைமை ஒவ்வொரு குழுவுக்கும் கெடாமல் நிற்கிறதா என்ற கேள்வியாகவே ஆகிறது. ஒரு வாசிப்புப் பகுதி கோல்ஃப் விளையாட்டின் சொற்களால் நிரம்பியிருந்தால், ஒரே அளவு ஆங்கிலம் தெரிந்த இருவரில் அந்த விளையாட்டை அறிந்தவர் கூடுதல் மதிப்பெண் பெறுவார். அப்போது மதிப்பெண் ஆங்கிலத்தை மட்டுமன்றி, அவர் வளர்ந்த சூழலையும் சேர்த்து அளந்துவிடுகிறது. நல்ல தேர்வு அமைப்புகள், மொத்தத் திறனில் சமமாக இருப்பவர்களைக் குழு வாரியாக ஒப்பிட்டு, குறிப்பிட்ட வினா ஒரு குழுவுக்கு மட்டும் கடினமாக இருக்கிறதா என்று புள்ளியியல் முறையில் சோதிக்கின்றன. சிக்கும் வினாவை மனிதர்கள் மீண்டும் படித்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

பேச்சுத் தேர்வில் இது இன்னும் நுட்பமாகிறது, ஏனெனில் அங்கே அளவுகோலே இன்னொரு மனிதரின் காது. 1992-இல் டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வை நான் மறப்பதில்லை. மாணவர்களுக்கு ஒரு விரிவுரையின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். பேசியவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கர். ஒரு குழுவுக்கு அந்தக் குரலோடு வெள்ளையினப் பெண்ணின் படத்தையும், மற்றொரு குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டினார்கள். குரல் ஒன்றே. ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் அந்நிய உச்சரிப்பைக் கேட்டதாக உணர்ந்ததோடு, கேட்ட பாடத்தைப் பற்றிய சோதனையிலும் குறைவாகவே பெற்றார்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு இந்த ஆய்வு என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் நினைத்துப் பார்க்க வேண்டும். மன்ரோ, டெர்விங் ஆகிய உச்சரிப்பு ஆய்வாளர்கள் இருவரும் 1995-இல் வேறொரு வகையில் இதைத் தெளிவாக்கினார்கள்: உச்சரிப்புச் சாயல் மிகுதி என்று கேட்போர் குறித்த வாக்கியங்களில் பலவற்றைக்கூட, அவர்கள் ஒரு சொல் பிசகாமல் எழுதிக்காட்டினார்கள். சாயல் வேறு, புரிவது வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு மதிப்பெண் தரும் படிவம், வேலைக்குத் தேவையற்ற ஒன்றுக்காக மனிதர்களைத் தண்டிக்கிறது.

மனிதக் காதுக்குப் பதிலாக இயந்திரத்தை வைத்தால் சார்பு போய்விடும் என்ற வாதம் இப்போது அடிக்கடி கேட்கிறது. இயந்திரம் களைப்படையாது, முகத்தைப் பார்க்காது என்பது உண்மை. ஆனால் அது எந்தக் குரல்களைக் கேட்டுப் பழகியதோ அந்தக் குரல்களையே நன்றாகப் புரிந்துகொள்ளும். பெரிய நிறுவனங்கள் ஐந்தின் பேச்சறிதல் மென்பொருள்களைச் சோதித்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், வெள்ளையின அமெரிக்கர்களின் பேச்சில் சராசரியாக 100 சொற்களுக்கு 19 பிழைகளும், கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சில் 35 பிழைகளும் வந்தன. அவை தேர்வுக்கென அமைந்த மென்பொருள்கள் அல்ல; எனினும் தானியங்கி மதிப்பீட்டை விற்பவரிடம் எந்தெந்தக் குழுக்களின் குரல்களில் சோதித்தீர்கள் என்று கேட்பதற்கு இது போதுமான காரணம்.

கட்-ஆஃப் பற்றிச் சொல்லாமல் இந்த விளக்கம் நிறைவடையாது, ஏனென்றால் மனிதர்களின் வாழ்க்கை உண்மையில் அங்கேதான் பிரிகிறது. எந்த மதிப்பெண்ணிலும் அளவீட்டுப் பிழை உண்டு. டோயிக் தேர்வில் அது ஒவ்வொரு பகுதிக்கும் சுமார் 25 புள்ளி என்று அதை நடத்துவோரே சொல்கிறார்கள். இரு பகுதிகளையும் சேர்த்தால் சுமார் 35 என்று கணக்கிடலாம். அப்படியானால் 740 பெற்றவரின் உண்மைத் திறன் 705-க்கும் 775-க்கும் இடையே எங்கேனும் இருக்கலாம். அவரையும் 760 பெற்றவரையும் பிரித்த 20 புள்ளி, இந்தப் பிழையின் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 750 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பல இடங்களில் பதில் இருக்காது. முன்பிருந்தவர்கள் வைத்தது, அல்லது போட்டி நிறுவனம் வைத்திருப்பது. முறையாகச் செய்வதென்றால், அந்த வேலையை அறிந்தவர்கள் ஒன்றுகூடி, வேலையை ஓரளவுக்காவது செய்யக்கூடிய ஒருவர் ஒவ்வொரு வினாவுக்கும் சரியாக விடையளிக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று தனித்தனியே கணித்து, அவற்றைத் தொகுத்துத்தான் எல்லையை வரைய வேண்டும். 1971-இல் வில்லியம் ஆங்காஃப் என்ற அளவீட்டு அறிஞர் எழுதியதிலிருந்து வளர்ந்த இந்த முறை அவர் பெயரிலேயே வழங்குகிறது.

அதே 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. வழக்கு மொழித்தேர்வைப் பற்றியதில்லை. பள்ளிச் சான்றிதழும் பொதுத் திறன் தேர்வுகளும் கறுப்பினத் தொழிலாளர்களைப் பெருமளவில் விலக்கியதைப் பற்றியது. உள்நோக்கம் இல்லாவிட்டாலும், ஒரு குழுவைப் பெரிதும் விலக்கும் நிபந்தனை வேலையோடு தொடர்புடையது என்று காட்டப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 1978-இல் வந்த அந்நாட்டு வழிகாட்டு நெறிகள் இதற்கு ஐந்தில் நான்கு பங்கு என்ற எளிய கணக்கைத் தந்தன: ஒரு குழுவில் நூற்றுக்கு 60 பேரும் மற்றொரு குழுவில் 40 பேரும் தேறினால், 40 என்பது 60-இல் மூன்றில் இரண்டு பங்கு, ஐந்தில் நான்குக்குக் கீழே இருப்பதால் விளக்கம் கேட்கப்படும். இந்த வேறுபாடு மட்டுமே அநியாயத்தை நிறுவிவிடாது. ஆங்கிலம் உண்மையிலேயே தேவைப்படும் வேலையில் ஆங்கிலம் அதிகம் தெரிந்தவர்கள் தேறுவது இயல்பு. சரக்குகளை அடுக்கும் வேலைக்குக் கட்டுரை எழுதச் சொல்லி அந்த வேறுபாடு வந்திருந்தால், அதற்கு நிறுவனம் சொல்லக்கூடிய பதில் எதுவும் இல்லை.

கட்-ஆஃப் கல்லில் வெட்டப்பட்டதும் இல்லை. பிரிட்டனில் செவிலியர்களைப் பதிவு செய்யும் மன்றம் முன்பு ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வின் நான்கு பகுதிகளிலும் 9-க்கு 7 கேட்டது. 2017 நவம்பரில் ஓ.ஈ.டி தேர்வையும் ஏற்றது. 2018 டிசம்பரில், மற்ற மூன்றிலும் 7 இருந்தால் எழுத்துப் பகுதிக்கு 6.5 போதும் என்று மாற்றியது. பிறகு 2023-இல், பிரிட்டனின் மருத்துவ, பராமரிப்புப் பணிகளில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்து தேவையான மதிப்பெண்ணை நூலிழையில் தவறவிட்டவர்களுக்கு, அவர்களுடைய ஆங்கிலத்தைப் பற்றி வேலை கொடுத்தவர் அளிக்கும் விவரங்களையும் துணைச் சான்றாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. நாள்தோறும் வார்டில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளரின் சொல்லுக்கு, அப்படியாக ஒரு இடம் கிடைத்தது.